என் தொட்டியில் வளராத புழுக்கள்

விலங்கியல் ஆய்வகத்துக்குப் பின்னால், புங்க மரத்து நிழலில், நான்கு சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. இரண்டு என்னுடையவை, இரண்டு அவளுடையவை. நான்கிலும் மண்புழுக்கள். அவளுடைய புழுக்கள் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்தன. என்னுடையவை நாங்கள் விட்ட அளவிலேயே நின்றுவிட்டன. பிறகு இளைக்கவும் தொடங்கின.

நானும் அவளும் அந்தக் கல்லூரியில் ஒரே வருடம் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தவர்கள். இருவரும் பி.எஸ்சி. விலங்கியல், இருவரும் தற்காலிகம். நிரந்தரமாக ஓர் இடம்தான் வரப்போகிறது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அவளுடைய சித்தப்பா பனியன் கம்பெனி முதலாளி. கல்லூரிக் கமிட்டியிலும் இருந்தார். என் அப்பா அதே ஊரில் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த இடம் எனக்குக் கிடைக்காவிட்டால் வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காங்கயத்துப் பக்கம் ஒரு ஜாதகம் பொருந்தி, பதிலுக்குக் காத்திருந்தது.

மண்புழு வளர்க்கும் வேலை எங்களிடம் வந்தது மழை பொய்த்ததால். பி.எஸ்சி. செய்முறைத் தேர்வில் மாணவர்கள் மண்புழுவை அறுத்து அதன் நரம்பு மண்டலத்தையும் இனப்பெருக்க உறுப்புகளையும் காட்ட வேண்டும். அதற்கு நன்றாக வளர்ந்த புழு வேண்டும். வளர்ந்ததற்கு அடையாளம், உடலின் முன்பகுதியில் மோதிரம் மாட்டியது போல ஒரு தடித்த வளையம். அந்த வளையம்தான் முட்டைக்கூட்டை உண்டாக்குகிறது. வளையம் இல்லாத புழுவை அறுத்துப் பயனில்லை. முன்பெல்லாம் ஆற்றோரத் தோட்டங்களில் தோண்டிக் கொண்டுவந்து விற்க ஒருவர் இருந்தார். அடுத்தடுத்து மழை இல்லாமல் போனதும் மண் கல்லாக இறுகி, அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் துறைத் தலைவி திருநெல்வேலிக்காரர். திருப்பூருக்கு வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். கிடைத்த கொஞ்சம் புழுவைச் சமமாகப் பிரித்து எங்கள் முன்னால் வைத்தார்.

"ஆளுக்கு ரெண்டு தொட்டி. பரீட்சைக்குள்ள பெருக்கிக் காட்டுங்கட்டி. யாரு தொட்டி நல்லா வருதுன்னு நானும் பாக்கேன், கமிட்டியும் பாக்கும்."

கமிட்டி என்ற சொல் விழுந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான் புழுவைப் பார்த்தேன்.

நான் எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிப்பேன். ஒரு மண்புழு வளர்வதையும் முட்டையிடுவதையும் தீர்மானிப்பவை என்னென்ன? முதலில் ஈரம். தொட்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு வர வேண்டும். ஒழுகினாலும் கூடாது, உதிர்ந்தாலும் கூடாது. அடுத்தது சூடு. எங்கள் ஊர் வெயிலுக்கு நிழல் இல்லாமல் எதுவும் நடக்காது. மூன்றாவது தீனி. பச்சைச் சாணத்தைப் போட்டால் அது புளித்துச் சூடேறிப் புழுவை வேகவைத்துவிடும். ஆறிப்போன சாணம் வேண்டும். நான்காவது நெரிசல். ஒரே தொட்டியில் கூட்டம் அதிகமானால் தீனி போதாமல் எல்லாம் சிறுத்துப்போகும், முட்டையிடுவதும் குறையும். ஐந்தாவது இருட்டு. மேலே ஒரு மூடாக்கு இருந்தால்தான் புழு அச்சமில்லாமல் மேல்மட்டத்துக்கு வந்து சாணத்தைத் தின்னும்.

இந்த ஐந்தையும் நான் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வைத்தேன். அதில் பிடிவாதமாக இருந்தேன். சாணம் ஊத்துக்குளியிலிருந்து ஒரே வண்டியில் வந்த எருமைச் சாணம். மண் ஒரே தோட்டத்து மண். தண்ணீர் ஒரே கிணறு. மரமும் ஒன்றுதான். மூடாக்குக்கு எங்கள் ஊரில் யோசிக்கவே வேண்டியதில்லை, பனியன் வேஸ்ட்தான். கட்டிங் போக மிஞ்சும் துணித் துண்டுகளை நனைத்துப் பரப்பினால் ஈரமும் நிற்கும், நாளடைவில் மக்கித் தீனியாகவும் ஆகும். அவளுடைய சித்தப்பா கம்பெனியிலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் இருவருக்கும் தனித்தனி மூட்டையாக வந்தது. எனக்கு வந்தது பளிச்சென்று வெள்ளை. அவளுக்கு வந்தது சலவைக்குப் போகாத, பழுப்பேறிய கோரா. நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டு மட்டத்தை அவள் ஏன் வைத்துக்கொள்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. பெருந்தன்மையைக் காட்டிக்கொள்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தும் ஒன்றாக இருந்தும் அவள் தொட்டியில் வளையம் போட்ட புழுக்கள் நெளிந்தன. கடுகைவிடச் சற்றுப் பெரிய முட்டைக்கூடுகள் சாணத்துக்குள் ஒட்டிக் கிடந்தன. என் தொட்டியில் ஒரு முட்டைக்கூடுகூட இல்லை. தொடக்கத்தில் வளையத்தோடு விட்ட புழுக்களுக்குக்கூட அது மங்கி மறையத் தொடங்கியது. புழுவுக்கு வாழ்க்கை ஒத்துவரவில்லை என்றால் அது முதலில் இழப்பது அந்த வளையத்தைத்தான்.

"எனக்குக் கைராசி புள்ள" என்றாள் அவள், தன் தொட்டியில் கையை விட்டுக்கொண்டே. "எங்க ஊட்டுல நான் நட்டு வெச்சா கருவேப்பிலை கூட நிக்கும்."

"எங்க வீட்டில் கருவேப்பிலை இருக்கு" என்றேன்.

"அதுல இலை இருக்கா?"

அன்றே நான் சந்தேகப்படத் தொடங்கினேன்.

முதல் சந்தேகம் ஆய்வக உதவியாளர்மேல். நடு வயதுக்காரர். என் தொட்டியில் பெரிய புழுக்களை எடுத்துக்கொண்டு பொடிப் புழுக்களைப் போட்டு வைக்கிறாரோ என்று நினைத்தேன். குளத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பெரிய புழு வேண்டும், அவர்கள் காசும் கொடுப்பார்கள். சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"நீங்க மீன் பிடிக்கப் போவீங்களா?"

"நானுங்களா? நான் முட்டையே தொடறதில்லீங்க அம்மிணி. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவன்."

"நீங்க சாப்பிடாட்டியும் வேற யாருக்காவது..."

அவர் கையில் இருந்த கண்ணாடிக் குடுவையை மேசைமேல் வைத்தார். "ஏனுங்க, இத்தனை நாளா என்னையப் பாத்துட்டு இருக்கறீங்க. புழு திருடறவனாட்டமா இருக்குது என்ற மூஞ்சி?"

அப்படி இல்லை என்று சொன்னேன். ஆனாலும் அன்று மாலை ஒரு நூலை எடுத்து என் தொட்டியின் மூடாக்குக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாதபடி கட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலை நூல் அறுந்து கிடந்தது.

அறுத்தது அவள். அவளே சொன்னாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "உன்ற தொட்டியைத் திறந்து பாத்தேன். பாவமா இருந்துச்சு. சித்தெ தண்ணி தெளிச்சு உட்டேன்."

"எவ்வளவு தண்ணி?"

"தெளிச்சேன்னு சொல்றேன். அளந்தா தெளிப்பாங்க?"

மண்ணை எடுத்துப் பிழிந்து பார்த்தேன். ஈரம் சரியாகவே இருந்தது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கெடுக்க வந்தவள் ஏன் சரியான அளவில் தண்ணீர் தெளிக்கிறாள்? தண்ணீரில் வேறு ஏதாவது கலந்திருந்தால்? ஆய்வகத்தில் ஃபார்மலின் இருந்தது, அமிலங்கள் இருந்தன. அலமாரிச் சாவி இருவரிடமும் இருந்தது. அன்றிலிருந்து குடுவைகளில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் மெல்லக் கோடு போட்டேன். கோடு இறங்கவேயில்லை. அவள் சாணக் கரைசலில் கோராத் துணியை ஊறப்போடுவதைத் தூர நின்று கவனித்தேன். கோரா தண்ணீரை லேசில் உறிஞ்சாது, பருத்தியின் மெழுகு அதிலேயே இருக்கும். அதனால் அவள் அதை நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் தொட்டியில் போட்டாள். என்னுடைய வெள்ளைத் துணி போட்டவுடனே நனைந்துவிடும். இதையும் பார்த்தேன். பார்த்ததைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியவில்லை. என் கண் அவள் கையைத்தான் தொடர்ந்துகொண்டிருந்தது.

தேர்வு நெருங்கியபோது துறைத் தலைவி தொட்டிகளைப் பார்க்க வந்தார். அவளுடையதைத் திறந்து, "இது புழு" என்றார். என்னுடையதைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னட்டி இது, காலரா வந்த தெரு மாதிரில்லா வாசம் அடிக்கி?"

"வாசமா மேடம்? எனக்கு எதுவும் தெரியலையே."

"உனக்கெங்க தெரியும்? ப்ளீச்சிங் பவுடரைக் குடிச்சு வளந்த ஊரு உங்க ஊரு. எங்க ஊர்ல முனிசிபாலிட்டிக்காரன் காலரா வந்தா மட்டுந்தான் இதைத் தெருவில தூவுவான்."

அவர் போனதும் நான் வெள்ளைத் துணியை மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தேன். அப்போதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எங்கள் வீடு சலவைப் பட்டறைத் தெருவில் இருக்கிறது. துணியை வெளுக்கப் பவுடர் கரைத்து வைத்த தொட்டிகளுக்கு நடுவில்தான் நான் பிறந்ததிலிருந்து மூச்சு விட்டிருக்கிறேன். என் மூக்கை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது.

வீட்டில் மூன்று மண்சட்டிகள் எடுத்தேன். மூன்றிலும் ஒரே மண், ஒரே சாணம், ஒரே ஈரம், ஒரே அளவு புழு. ஒன்றின்மேல் கோரா. ஒன்றின்மேல் எனக்கு வந்த வெள்ளை, வந்தபடியே. மூன்றாவதின்மேல் அதே வெள்ளை, ஆனால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்தது. அம்மா சட்டிகளைப் பார்த்துவிட்டு, "பொண்ணுப் பாக்க வர்றவங்க இதையெல்லாம் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றாள். சட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். இருட்டும் கிடைத்தது.

கோராவுக்கடியில் புழுக்கள் மேலேயே கிடந்தன. அலசிய வெள்ளைக்கடியிலும் மேலே வந்தன, துணி மட்டும் சீக்கிரம் காய்ந்தது. வந்தபடியே போட்ட வெள்ளைக்கடியில் ஒன்றுகூட இல்லை. சட்டியைக் கவிழ்த்தால் அத்தனையும் அடியில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தன. தீனி மேலே, புழு கீழே. ஒரு சாப்பாட்டுக்கும் அவை மேலே வரத் துணியவில்லை. பிறகு எங்கே வளர்வது, எங்கே முட்டையிடுவது?

காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு அடுத்துத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அவள் தெரிந்தே செய்திருக்கிறாள்.

மறுநாள் மதியம் அவளிடம் சொல்லாமல் அவளுடைய சித்தப்பா கம்பெனிக்குப் போனேன். வேஸ்ட் குவிக்கிற அறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்து துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் வாய் நிறையச் சிரித்தார்.

"புழு டீச்சருங்களா! ஏனுங்க, புழுவுக்கெல்லாம் பனியன் போட்டு உடறீங்களாமா? சைசு என்னங்க, எண்பதா எண்பத்தஞ்சா?"

"எனக்கு அனுப்பறது மட்டும் ஏனுங்க வெள்ளையா வருது?" என்று கேட்டேன்.

"மொதலாளி சொன்னாருங்க. உங்க மூட்டைக்குன்னு தனியாப் பட்டறைக்கு அனுப்பி வெளுத்து வாங்கறமுங்க."

எனக்கென்று தனியாக. நான் நினைத்தது சரிதான் என்று மனதுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். வேட்டியில் நூல் தும்பு ஒட்டியிருந்தது.

"வாங்க அம்மிணி, வாங்க. உள்ள வந்து உக்காருங்க. புழுவெல்லாம் சௌக்கியமா?"

"எனக்கு வர்ற வேஸ்டை மட்டும் வெளுக்கச் சொன்னீங்களாமுங்க."

"ஆமா. வெளியில போறதுக்குக் கோராவா அனுப்பறது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? காலேஜுல நீங்க ஒரு டீச்சர், உங்க கைக்கு அழுக்குத் துணியைக் குடுக்க முடியுங்களா?"

"அவங்களுக்குக் கோராதானுங்க வருது."

"அது நம்மூட்டுப் புள்ளை. அதுக்கு எது போட்டா என்ன." அதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் நிதானமாகச் சொன்னேன். துணியில் பவுடர் நிற்கிறது, அதனால் புழு மேலே வருவதில்லை, தின்பதில்லை, வளையம் போய்விட்டது, முட்டை இல்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தரம் பிரிக்கிற அம்மாளிடம் திரும்பினார்.

"அலசலையா அதை?"

"வேஸ்டை யாருங்க நாலு தண்ணி அலசறாங்க? ஒரு முக்கு முக்கி வெயில்ல போட்டுட்டானுங்க."

"அடக் கெரகமே" என்று அவர் தலையில் கைவைத்தார். "நல்லது பண்றேன்னு உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டனே அம்மிணி. அந்தப் புள்ளை கூட ஒரு வார்த்தை சொல்லலையே."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் நான் வெளியே வந்தேன். அவர் தெரியாமல் செய்தார் என்பதை நம்பினேன். விருந்தாளிக்கு நெய்யை ஊற்றிவிட்டு வீட்டுப் பிள்ளைக்கு மோரை ஊற்றுகிற பழக்கம் எனக்குப் புதிதில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். ஆனால் அவள் அந்தக் கம்பெனி வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் நேராகவே கேட்டேன். "எனக்கு வர்றது பவுடர் போட்ட துணின்னு உனக்குத் தெரியுமா?"

அவள் சாணத்தைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "வெள்ளையா இருந்தா பவுடர் போட்டதுதானே புள்ள? இதைத் தெரிஞ்சுக்க பி.எஸ்சி. படிக்கோணுமா?"

"அது புழுவுக்கு ஆகாதுன்னு தெரியுமா?"

"சலவைப் பட்டறைத் தெருக்காரி நீ. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியோணுமா?"

தெரியும் என்று அவள் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

அன்றே, சட்டிகளில் பார்த்ததைத் துறைத் தலைவியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணி முழுவதையும் அள்ளி எறிந்தேன். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து வேறு ஆறிய சாணம் போட்டேன். அப்பாவின் கம்பெனியிலிருந்து கோரா வாங்கி ஊறவைத்துப் பரப்பினேன். புழுக்கள் மெல்ல மேலே வந்தன. ஆனால் ஒரு புழு இழந்த வளையத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ள வாரங்கள் ஆகும். செய்முறைத் தேர்வு அதற்குக் காத்திருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் மாணவர்கள் அறுத்தவை எல்லாம் அவளுடைய புழுக்கள். "இந்த வறட்சியில இவ்வளவு நல்ல புழு எங்க பிடிச்சீங்க?" என்று அவர் கேட்டார். துறைத் தலைவி அவளைக் கை காட்டினார். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், காங்கயத்துக்காரர்களுக்கு என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்று நானே அப்பாவிடம் கேட்டேன்.

கமிட்டி கூடியபிறகு துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் கவர் இருந்தது.

"எடம் உனக்குத்தான். உக்காரு, விழுந்துராத."

"எப்படி மேடம்?"

"காரணத்தைக் கண்டுபிடிச்சவ நீன்னு நான் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அப்புறம் அவளோட சித்தப்பா எந்திரிச்சாரு. வெளியாளு வீட்டுப் பொண்ணு, எங்களால அதுக்குக் கெட்டுப் போச்சு, மொதல்ல அதுக்குக் குடுங்க, எங்க புள்ளைக்கு அடுத்த எடம் வரட்டும்னாரு. ஒருத்தரும் மறுத்துப் பேசல."

கவரை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். உத்தரவில் என் தகுதி பற்றி இரண்டு வரிகள் இருந்தன. படித்தேன், திரும்பவும் படித்தேன். அதில் எந்த வரியையாவது நம்பலாமா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது வேலையா, விருந்தாளிக்குப் பரிமாறியதா? அவளுக்கு வரவேண்டியதைத்தான் எனக்கு எடுத்து வைத்தார்கள் என்றால், இதிலும் அலசாமல் விட்டது ஏதாவது இருக்குமா?

அவள் ஒரு வாரம் கல்லூரிக்கு வரவில்லை. வந்த அன்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க சித்தப்பாகிட்ட என்ன புள்ள சொன்னே?"

"வெள்ளை வேஸ்ட் வேண்டாம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எடத்தைப் பத்தி?"

"ஒரு வார்த்தையும் இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பிறகு பின்பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். அவள் கேட்காமலே என் தொட்டியின் மூடாக்கைத் தூக்கினாள். ஈரக் கோராவுக்கடியில் புழுக்கள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள்.

"வளையம் வந்திருச்சாட்ட இருக்குது."

"வந்துடுச்சு."

"எப்பக் கோரா போட்டே?"

சொன்னேன்.

"எங்க கம்பெனிக்கு எப்பப் போனே?"

அதையும் சொன்னேன்.

"ஊட்டுல சட்டி வெச்சுப் பாத்தியாமா. அது எப்ப?"

அதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் புழுவைத் திரும்ப மண்ணில் விட்டாள். துணியை இழுத்து மூடினாள். மண் ஒட்டிய கையோடு, உதடு அசைய, எனக்குக் காரணம் எப்போதிலிருந்து தெரியும் என்று கணக்குப் பார்ப்பவள்போல, வளையம் திரும்ப ஆகும் வாரங்களை விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்து என்னை ஒருமுறை பார்த்தாள். என்ன கணக்கு வந்தது என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.